புள்ளியும் தண்டனையும்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

பரிசளிப்பு விழாவுக்கு வருகிறவர்கள் கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுவதுதான் வழக்கம். நான் இன்று கார்ப் பந்தயத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். "இந்த வயசில் இவருக்கு எதுக்குக் கார் ரேஸு?" என்று பின்வரிசையில் ஓர் அம்மா கேட்பது என் காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். கொஞ்சம் பொறுங்கள், பதில் சொல்கிறேன்.

இன்று பரிசு நாள். பரிசு புள்ளியை வைத்துக் கொடுக்கப்படுகிறது. புள்ளியைக் கூட்டுகிறவர் ஒருவர் இருக்கிறார். தப்பு செய்தவனுக்குப் புள்ளியைக் குறைக்கிறவரும் அவர்தான். அவர் கை சரியாக இருந்தால்தான் மேடையில் கொடுக்கிற கோப்பைக்கு மரியாதை. வீட்டில் அந்தக் கை தகப்பனுடையது, வகுப்பில் ஆசிரியருடையது, தோட்டத்தில் மேலாளருடையது. உலகமே தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருக்கும் பார்முலா 1 பந்தயத்தில் அந்தக் கை எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால், நம் கையை நாம் சரிபார்த்துக்கொள்ளலாம். அதற்காகத்தான் இந்தக் கார்க் கதை.

இந்தக் கதைக்கு நாம் ஐரோப்பாவுக்குப் போக வேண்டாம். பட்டர்வொர்த்திலிருந்து நெடுஞ்சாலையில் நாலைந்து மணி நேரம் போனால் செப்பாங். அங்கே 1999 முதல் 2017 வரை ஆண்டுதோறும் மலேசிய கிராண்ட் பிரீ நடந்தது. அதில் 2012 மார்ச் 25ஆம் நாள் ஓட்டத்தில் நம் தமிழர் ஒருவர் இருந்தார். கோயம்புத்தூர்க்காரர், நரேன் கார்த்திகேயன். 2005இல் பார்முலா 1 பந்தயத்தில் காலெடுத்து வைத்த முதல் இந்தியர் அவரே.

2012இல் அவர் ஓட்டியது எச்.ஆர்.டி. என்ற சின்னக் குழுவின் கார். பணம் இல்லாத குழு, வேகம் இல்லாத கார். அந்த ஆண்டின் முதல் ஓட்டமான ஆஸ்திரேலியாவில், தகுதிச் சுற்றில் வேகம் போதாது என்று அந்தக் குழுவின் இரண்டு கார்களையுமே ஓட்டத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை. செப்பாங்கில் சேர்த்துக்கொண்டார்கள். 24 கார்களில் கடைசி வரிசையில் நின்று புறப்பட்டார் கார்த்திகேயன்.

அன்று மழை பிடித்துக்கொண்டது. கார்த்திகேயன் தொடக்கத்திலேயே கனமழைக்கு உரிய டயரைப் போட்டிருந்தார். மற்றவர்கள் டயர் மாற்ற உள்ளே ஓட ஓட, இவர் முன்னேறி முன்னேறிப் பத்தாவது இடத்துக்கு வந்துவிட்டார்! மழை தாங்காமல் ஓட்டத்தை நிறுத்தி மறுபடி தொடங்கியபோது, உலகப் பட்டம் பெற்ற வீரர்களின் நடுவே நம் ஆள் அந்த ஓட்டைக் காரில் நின்றுகொண்டிருந்தார்.

மறுபடி ஓட்டம் தொடங்கிய சிறிது நேரத்தில், 2009இல் உலகப் பட்டம் வென்ற ஜென்சன் பட்டன் இவரை முந்த முயன்று இவர் கார் மீது மோதினார். பட்டனின் காரில் முன் இறக்கை உடைந்தது. தவறு தம்முடையதே என்று பட்டன் பிறகு பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார். அவருக்குத் தண்டனை எதுவும் இல்லை.

ஓட்டம் முடியச் சில சுற்றுகளே இருந்த நேரத்தில் இன்னொரு மோதல். 2010, 2011 இரண்டு ஆண்டும் உலகப் பட்டம் வென்ற செபாஸ்டியன் வெட்டல் நான்காவதாக வந்துகொண்டிருந்தார். ஒரு சுற்றுப் பின்தங்கியிருந்த கார்த்திகேயனை அவர் கடந்து போகும்போது இரண்டு கார்களும் உரசின. வெட்டலின் பின் டயர் கிழிந்தது. நான்காவதாக முடித்து 12 புள்ளி வாங்க வேண்டியவர் 11ஆவதாக வந்து வெறுங்கையோடு போனார். இந்த முறை தண்டனை உண்டு. கார்த்திகேயனின் நேரத்தோடு 20 விநாடியைக் கூட்டினார்கள். 21ஆம் இடத்திலிருந்த அவர் 22ஆம் இடத்துக்கு இறங்கினார்.

கோபத்தில் வெட்டல் இவரை 'வெள்ளரிக்காய்' என்று சொல்லிவிட்டார். ஜெர்மன்காரர்கள் மோசமாகக் கார் ஓட்டுகிறவனை அப்படிக் கேலி செய்வது வழக்கமாம். தாம் முடிந்தவரை ஒதுங்கி வழிவிட்டதாகக் கார்த்திகேயன் சொன்னார். உலகப் பத்திரிகைகளில் பெரிதாக வந்தது எது? வெள்ளரிக்காய்தான். கடைசி வரிசையிலிருந்து பத்தாவது இடத்துக்கு வந்த கதையை எழுதியவர்கள் மிகக் குறைவு.

நடுவர்கள் ஓரவஞ்சனை செய்தார்கள் என்று நான் குற்றம் சாட்டவில்லை. நம் ஆள் என்பதற்காக அவர் பக்கம் மட்டும் பேசினால் நானும் நேர்மையற்ற நடுவனாகிவிடுவேன். பந்தயத்தில் நீலக் கொடி என்று ஒன்று உண்டு. ஒரு சுற்றுப் பின்தங்கியவர், வேகமாக வருகிறவருக்கு வழிவிட வேண்டும் என்பதற்கு அது அடையாளம். அந்தக் கடமை கார்த்திகேயனுக்கு இருந்தது. வெட்டலின் கோபத்துக்கும் காரணம் இருந்தது. அந்த ஆண்டு முடிவில் அவர் 281 புள்ளி, பெர்னாண்டோ அலோன்சோ 278. மூன்றே புள்ளியில்தான் வெட்டலுக்குப் பட்டம் கிடைத்தது. செப்பாங்கில் போன 12 புள்ளி அவர் பட்டத்தையே பறித்திருக்கக் கூடும்.

ஆனால் ஒரு கேள்வி நிற்கிறது. தண்டனையை எதை வைத்து அளப்பது? செய்த தவறை வைத்தா, நேர்ந்த சேதத்தை வைத்தா, சேதப்பட்ட ஆள் யார் என்பதை வைத்தா? இரண்டு பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். ஒருவன் அடித்த பந்து கூலி வீட்டுத் தகரத்தில் படுகிறது. இன்னொருவன் அடித்த பந்து துரை பங்களாக் கண்ணாடியில் படுகிறது. இரண்டு பேர் செய்த தவறும் ஒன்றுதான். ஆனால் யாருக்கு அடி விழுகிறது? உங்களுக்கே தெரியும்.

இன்னொன்றும் பாருங்கள். அதே ஓட்டத்தில் முதலில் வந்த அலோன்சோவுக்கும் இரண்டாவதாக வந்தவருக்கும் இடையே இருந்தது ஏறத்தாழ 2 விநாடி. அந்த 20 விநாடித் தண்டனையை அலோன்சோவுக்குக் கொடுத்திருந்தால் வெற்றியே கைவிட்டுப் போயிருக்கும். கார்த்திகேயனுக்குப் போனது ஓர் இடம் மட்டும். அளவு ஒன்று, கனம் வேறு. நம் ஊரிலும் அப்படித்தானே? ஐம்பது வெள்ளி சம்மன் தவுக்கேக்குச் சில்லறைக் காசு. நாள் கூலிக்காரருக்கு அது வீட்டு அரிசி.

இனிப் புள்ளிக் கணக்குக்கு வருவோம். 1950இல் உலகப் பட்டப் போட்டி தொடங்கியபோது ஓட்டத்தில் முதல் ஐந்து இடங்களுக்குத்தான் புள்ளி. 1960இல் ஆறு இடம் ஆனது. 2003இல் எட்டு இடம். 2010 முதல் பத்து இடம். முதலில் வருகிறவருக்கு 25, பத்தாவதாக வருகிறவருக்கு 1. வட்டம் பெரிதாகிக்கொண்டே வந்தது நல்லதுதான். ஆனாலும் 11ஆவது ஆளுக்கும் 24ஆவது ஆளுக்கும் கிடைப்பது ஒரே சைபர்.

கார்த்திகேயன் தம் பார்முலா 1 வாழ்க்கையில் ஒரே ஓட்டத்தில்தான் புள்ளி வாங்கினார். அது 2005 ஜூன் 19, அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் ஓட்டம். ஒரு கம்பெனியின் டயர்கள் அந்தத் தடத்துக்குப் பாதுகாப்பில்லை என்று, 14 கார்கள் புறப்படும் முன்பே ஒதுங்கிக்கொண்டன. ஓடியவை ஆறே ஆறு. அதில் நான்காவதாக வந்து 5 புள்ளி பெற்றார். "ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை" என்று கேலி பேசினவர்கள் உண்டு. அவர் என்ன குற்றம் செய்தார்? வந்தார், விதிப்படி கடைசிவரை ஓட்டினார், கிடைத்ததை வாங்கிக்கொண்டார். ஆனால் ஆறு கார் ஓடிய நாளில் ஐந்து புள்ளி வாங்கியவர், 24 கார் ஓடிய மழை நாளில் பத்தாவது இடம்வரை வந்தும் சைபரோடு வீட்டுக்குப் போனார். மாணவர்களே, இதை மறவாதீர்கள்: புள்ளி ஒரு கணக்கு. கணக்கு தேவைதான். ஆனால் உழைப்பு முழுவதும் அந்தக் கணக்கில் அடங்காது.

கணக்கு மாறினால் வெற்றி பெற்றவரே மாறிவிடுவார் என்பதற்கு 1988ஆம் ஆண்டைச் சொல்லலாம். அந்த ஆண்டு 16 ஓட்டங்களில் அலன் புரோஸ்ட் மொத்தம் 105 புள்ளி எடுத்தார். அயர்ட்டன் சென்னா எடுத்தது 94. பட்டம் யாருக்கு? சென்னாவுக்கு! அன்றைய விதிப்படி ஒவ்வொருவருக்கும் சிறந்த 11 ஓட்டங்களை மட்டுமே கணக்கில் சேர்ப்பார்கள். அப்படிக் கூட்டினால் சென்னா 90, புரோஸ்ட் 87. இது அநியாயமா? விதி முன்கூட்டியே இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு பேரும் அதை ஏற்றுக்கொண்டுதான் ஓடினார்கள். அதனால் அநியாயம் என்று சொல்ல மாட்டேன். பிறகு 1991இலிருந்து எல்லா ஓட்டங்களையும் கூட்டும்படி விதியை மாற்றிவிட்டார்கள்.

அடுத்து நான் சொல்லப் போவது தோட்டத்துத் தோழர்களுக்கு உடனே புரியும். 2009 ஏப்ரல் 5, மறுபடியும் செப்பாங். ஐரோப்பாவில் இருக்கிறவர்கள் வசதியாகத் தொலைக்காட்சியில் பார்க்க வேண்டும் என்று ஓட்டத்தை மாலை 5 மணிக்குத் தொடங்கினார்கள். நம் நாட்டில் மாலை நேரத்தில் வானம் என்ன செய்யும் என்று இங்குள்ள சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். கொட்டித் தீர்த்தது. 56 சுற்று ஓட வேண்டிய ஓட்டத்தை நிறுத்தி, 31 சுற்று முடிந்த நிலையை முடிவாக எடுத்துக்கொண்டார்கள். முக்கால் பங்கு ஓடாததால் எல்லாருக்கும் பாதிப் புள்ளி. முதலில் வந்த பட்டனுக்கு 10க்குப் பதில் 5. நான்காவதாக வந்தவருக்கு 5க்குப் பதில் இரண்டரை!

மழையால் பால்வெட்டு நின்றுபோனால் கூலி என்னாகும் என்று நம் தாத்தா பாட்டிகளுக்குத் தெரியும். விடிகாலையில் எழுந்து, பெரட்டில் நின்று, மரத்தடிக்குப் போன பிறகு மழை பிடித்தால் அது வெட்டுகிறவர் குற்றமா? நேரம் குறித்தவர் ஒருவர், மழை பெய்தது வானத்தில், நஷ்டம் மட்டும் வேலைக்காரருக்கு. ஆனால் ஓடாத ஓட்டத்துக்கு முழுப் புள்ளி கொடுப்பதும் சரியில்லை என்று இன்னொரு பக்கம் இருக்கிறது. 2021இல் பெல்ஜியத்தில் மழைக்குள்ளே பாதுகாப்புக் காரின் பின்னால் ஊர்வலம் போல் சில சுற்றுகள் போனார்கள். யாரும் யாரையும் முந்த முடியாத அந்த ஊர்வலத்துக்கும் பாதிப் புள்ளி கொடுத்தார்கள். ஊரே சிரித்தது. பிறகு 2022இல் விதியைத் திருத்தினார்கள்: எவ்வளவு தூரம் ஓடினார்களோ அதற்குத் தகுந்தாற்போல் படிப்படியாகப் புள்ளி, பாதுகாப்புக் கார் இல்லாமல் இரண்டு சுற்றாவது ஓடியிருக்க வேண்டும். விதி தவறு என்று தெரிந்ததும் திருத்தினார்களே, அதைப் பாராட்ட வேண்டும்.

திருத்திக்கொள்வதற்கு இன்னொரு சாட்சியும் செப்பாங்கிலேயே உண்டு. 1999 அக்டோபர் 17, அங்கு நடந்த முதல் மலேசிய கிராண்ட் பிரீ. பெராரிக் குழுவின் எடி இர்வின் முதலாவது, மைக்கேல் ஷூமாக்கர் இரண்டாவது. ஓட்டம் முடிந்தபின் காரை அளந்து பார்த்தவர்கள், பக்கவாட்டில் காற்றை ஒதுக்கும் தகட்டில் 10 மில்லிமீட்டர் வித்தியாசம் என்று சொல்லி இரண்டு பேரையும் நீக்கிவிட்டார்கள். அத்தோடு மிகா ஹாக்கினனுக்கு உலகப் பட்டமே முடிவாகிவிட்டது போல் இருந்தது. பெராரி மேல்முறையீடு செய்தது. பாரிஸ் நகரில் கூடிய மேல்முறையீட்டு மன்றம், செப்பாங்கில் அளந்த முறை போதிய துல்லியம் இல்லாதது, சரியாக அளந்தால் அனுமதிக்கப்பட்ட 5 மில்லிமீட்டருக்குள்தான் இருக்கிறது என்று சொல்லி, வெற்றியைத் திருப்பிக் கொடுத்தது. பட்டப் போட்டி கடைசி ஓட்டத்தில் சுவையாக இருக்க வேண்டும் என்பதற்காகவே இப்படிச் செய்தார்கள் என்று பேசினவர்களும் உண்டு. கடைசியில் ஜப்பானில் ஹாக்கினனே வென்று, 76க்கு 74 என்று பட்டத்தையும் நேர்மையாக வாங்கிக்கொண்டார்.

இதில் நான் பார்ப்பது ஒன்றுதான். பெராரி பெரிய குழு. வக்கீல் வைத்து வாதாட வசதி இருந்தது. ஒரு வாரத்துக்குள் தீர்ப்பு மாறியது. வசதியில்லாதவனுக்கு மேல்முறையீடு எங்கே? அவன் யாரிடம் போய்ச் சொல்வான்?

இந்தக் கேள்வி என்னை ஏன் உறுத்துகிறது என்று இப்போது சொல்லிவிடுகிறேன்.

பல வருஷங்களுக்கு முன்பு நான் ஒரு பள்ளி விளையாட்டுப் போட்டியில் கோட்டு நடுவராக நின்றேன். எந்தப் பள்ளி என்பது வேண்டாம். 200 மீட்டர் ஓட்டம். வளைவில் ஒரு பையன் தன் கோட்டை விட்டு அடுத்த கோட்டில் காலை வைத்துவிட்டான். என் கண்ணால் பார்த்தேன். பால்வெட்டுக்காரர் மகன், செருப்புக்கூட இல்லாமல் ஓடினவன். முதலாவதாக வந்தான். நான் சிவப்புக் கொடியைத் தூக்கினேன். அவனை நீக்கினார்கள். அடுத்து வந்தவன் ஊரில் பெரிய மனிதர் ஒருவரின் மகன். கோப்பை அவனுக்குப் போனது. என் மனசில் கள்ளம் இல்லை, விதிப்படிதான் செய்தேன். ஆனால் அந்தப் பையன் என் பக்கத்தில் வந்து நின்று வாயைத் திறந்தான். "போடா, எல்லாம் நான் பார்த்தேன்" என்று அனுப்பிவிட்டேன்.

அவன் ஆறாம் வகுப்போடு வேலைக்குப் போய்விட்டான். வெகு காலம் கழித்து ஒரு நாள், பினாங்குக்குப் போகப் பட்டர்வொர்த் பெரித் துறையில் காத்திருந்தேன். நடுத்தர வயதுக்காரர் ஒருவர் வந்து, "சார், வணக்கம். என்னைத் தெரியுதா?" என்றார். அவன்தான். பழைய கதையெல்லாம் பேசினோம். சிரித்துக்கொண்டே சொன்னார்: "அன்னிக்கு வளைவுல என்னை முழங்கையால இடிச்சாங்க சார். அதான் கால் அந்தப் பக்கம் போயிருச்சு. கப்பு போனதுகூடப் பரவால்ல. நீங்க என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

பெரி வந்தது. அவர் போய்விட்டார். என்னால் அன்று பினாங்கில் எந்த வேலையும் பார்க்க முடியவில்லை.

நான் பார்த்தது பொய்யில்லை. அவன் கால் கோட்டைத் தாண்டியது உண்மை. ஆனால் நான் பார்த்தது பாதி. மற்றப் பாதி அவனிடம் இருந்தது. அதைக் கேட்க எனக்கு இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். அந்த இரண்டு நிமிஷத்தை நான் கொடுக்கவில்லை. செப்பாங் செய்தியைப் படித்தபோது, வெள்ளரிக்காய் என்ற சொல்லைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பெரித் துறையில் நின்ற அந்த முகம்தான் நினைவுக்கு வந்தது.

பெரியவர்களை விட்டுவிட்டுச் சின்னவர்களை மட்டுமே தண்டிப்பார்கள் என்று பிள்ளைகள் முடிவு கட்டிவிட வேண்டாம். 1997இல் ஷூமாக்கர், பட்டத்துக்குப் போட்டியிட்ட வீரரின் கார் மீது வேண்டுமென்றே மோதினார் என்று அந்த ஆண்டுப் பட்டப் போட்டிக் கணக்கிலிருந்தே அவர் பெயரை நீக்கினார்கள். எத்தனை பெரிய பெயர்! நடுவர் துணிந்தால் முடியும்.

நல்ல விதி ஒன்றையும் சொல்கிறேன். 2014 முதல் பார்முலா 1 ஓட்டுநர்களின் லைசன்ஸில் குற்றப் புள்ளி ஏற்றுகிறார்கள். நம் சாலையில் இருக்கிற கெஜாரா முறைக்கு ஒப்பானது என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 மாதத்தில் 12 புள்ளி சேர்ந்தால் ஒரு ஓட்டத்துக்குத் தடை. 2024இல் கெவின் மேக்னுசன் அப்படித் தடை பெற்றார். ஆனால் ஒரு புள்ளி ஏறி 12 மாதம் கடந்துவிட்டால் அது தானாகக் கழிந்துவிடும். பெற்றோர்களே, இதைக் கவனியுங்கள். நாலாம் வகுப்பில் திருடின பென்சிலை நாம் பத்தொன்பது வயசுவரை சொல்லிக் காட்டுகிறோம். கார் ஓட்டுகிறவனுக்கே பழைய குற்றம் ஒரு வருஷத்தில் கழிகிறது. பெற்ற பிள்ளைக்குக் கழியக் கூடாதா?

ஆகவே பெற்றோர்களே, ஆசிரியர்களே, கையை ஓங்கும் முன், கொடியைத் தூக்கும் முன், பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். விதியை முன்கூட்டியே சொல்லுங்கள். தலைவர் பிள்ளைக்கும் தோட்டத்துப் பிள்ளைக்கும் ஒரே அளவுகோலை எடுங்கள். தவறாகத் தண்டித்துவிட்டால், தண்டித்த இடத்திலேயே, எல்லார் முன்னிலையிலும் ஒப்புக்கொள்ளுங்கள். அதனால் நம் மரியாதை குறையாது. நான் அப்படிச் செய்யாமல் விட்டதனால்தான் இத்தனை வருஷம் அந்தச் சுமையைச் சுமக்கிறேன்.

தோட்டத்துத் தோழர்களே, உங்கள் கூலியில் ஒரு நாளைப் பிடித்தால், ஏன் என்று கேளுங்கள். மரியாதையாகக் கேளுங்கள், ஆனால் கேளுங்கள். பெராரிக்காரன் கேட்டதனால்தான் மறுபடி அளந்தார்கள்.

மாணவச் செல்வங்களே, இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு இரவில் நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள் ரேஸ் ஓட்டப் புறப்பட்டுவிடாதீர்கள்! அங்கே நடுவரும் இல்லை, நீலக் கொடியும் இல்லை, இரண்டாவது ஓட்டமும் இல்லை. விளையாடுகிற இடத்தில் விளையாடுங்கள். தவறு உங்களுடையது என்றால் பட்டனைப் போல் ஒப்புக்கொள்ளுங்கள். உங்களுடையது இல்லை என்றால் பயப்படாமல் சொல்லுங்கள்.

இன்று மேடைக்கு வந்து பரிசு வாங்கின பிள்ளைகளுக்கு என் வாழ்த்துகள். உங்கள் உழைப்புக்கு இது தகும். மேடைக்கு வராமல் கீழே உட்கார்ந்து கை தட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகளே, உங்களுக்கும் என் வாழ்த்துகள். கடைசி வரிசையில் நின்று புறப்பட்டவர் மழையில் பத்தாவது இடத்துக்கு வந்தார் என்பதை நினைவில் வையுங்கள். அதற்கு யாரும் புள்ளி போடவில்லை. ஆனால் அது நடந்தது.